எடை இருந்தது, உயரம் இல்லை

காசநோயாளியை எடைக் கருவியில் ஏற்றிப் பார்ப்பது நேற்று வந்த பழக்கம் அல்ல. மருந்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லாத காலத்திலிருந்தே அது இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து என்ன முடிவுக்கு வருகிறோம் என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தில் பெரும்பங்கு நம் ஊரிலேயே நடந்தது. 1950களின் பிற்பகுதியில் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு, காசநோய் சிகிச்சையில் சாப்பாட்டைப் பின்வரிசைக்கு அனுப்பியது. இந்தச் சில ஆண்டுகளில் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் அதை மறுபடி முன்வரிசைக்குக் கொண்டுவந்திருக்கின்றன. இடையில் போனது ஏறக்குறைய அறுபது ஆண்டு.

முதலில் அந்தப் பழைய காலம். தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பேர் நிலைத்துவிட்டதால், அங்கே இறங்குகிற பலருக்கு அது ஒரு மருத்துவமனையைக் குறிக்கும் சொல் என்பதே நினைவில் இருப்பதில்லை. 1928ல் அதைத் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. அதற்கு முன் இங்கிலாந்தில் மென்டிப் மலைப் பகுதியில் ஒரு காசநோய் விடுதியை நடத்திவந்தவர். 1917ல் கணிதமேதை ராமானுஜன் அங்கே கொஞ்ச காலம் நோயாளியாக இருந்தார். போர்க்கால இங்கிலாந்தில் சைவச் சாப்பாட்டுக்கு அல்லாடிய அந்த மெலிந்த மனிதருக்கு வந்தது உண்மையில் காசநோய்தானா என்று பின்னால் வந்த மருத்துவர்கள் சந்தேகம் எழுப்பியதுண்டு. அது வேறு கதை.

சானடோரிய வைத்தியம் என்றால் ஓய்வு, திறந்த காற்று, பால், முட்டை, நெய். நோய்க்கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. உடம்பே எதிர்த்து நிற்க வேண்டும், அதற்கு உடம்பைத் தேற்ற வேண்டும் என்பது கணக்கு. அதனால் எடைதான் அங்கே முக்கியமான அளவு. கூடினால் நம்பிக்கை, குறைந்தால் கவலை. ஆனால் சானடோரியத்தில் கட்டில் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் வீட்டில் கிடந்து இருமி இளைத்துப் போனார்கள். எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948ல் இந்த நோயில்தான் போனார். காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கண்டுபிடிக்கப்பட்டு ஐந்து ஆண்டுகூட நிறையாத நேரம் அது.

1956ல் சென்னை சேத்துப்பட்டில் ஸ்பர்டாங்க் சாலையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்றைக்குத் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று அழைக்கப்படுவது அதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய ஆய்வு. பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் அதற்குத் தலைமை தாங்கினார். அவர்கள் கேட்ட கேள்வி துணிச்சலானது. சானடோரியத்தில் படுக்கை இல்லாத ஏழை நோயாளிக்கு, அவர் குடியிருக்கிற நெரிசலான வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் குணமாகுமா?

193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது. மறுபாதி வீட்டில் இருந்தது. இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், ஓராண்டுக்கு. வீட்டில் இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் தனியாக ஆராய்ந்து 1961ல் வெளியிட்டார்கள். சானடோரியத்து உணவோடு ஒப்பிட்டால் வீட்டு உணவு கலோரி, புரதம், கொழுப்பு என்று எதை எடுத்தாலும் குறைவு. ஓய்வும் குறைவு; உடம்பு கொஞ்சம் தேறியதும் பலர் வேலைக்குப் போய்விட்டார்கள்.

ஓராண்டு முடிவில் சளியில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். பெரிய வித்தியாசம் என்று சொல்வதற்கில்லை. வீட்டில் நோயாளியோடு ஒன்றாக இருந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கும், காசநோயாளி வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறும் உரிமை பெற்றதற்கும் இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியமான காரணம். அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. எத்தனையோ லட்சம் பேர் பெண்டாட்டி பிள்ளைகளைப் பிரியாமல், வேலையை அடியோடு விடாமல் பிழைத்ததற்கு அந்த ஸ்பர்டாங்க் சாலைக் கட்டடம் காரணம்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் கூடிய எடை, வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடியதைவிட நன்றாகவே அதிகம். நுரையீரலில் கிருமி இரு தரப்பிலும் அடங்கியது; உடம்பு இரு தரப்பிலும் ஒரே மாதிரி தேறவில்லை. கிருமி போனதா என்று கேட்டதற்கு ஆய்வு நேர்மையாகப் பதில் சொன்னது. அந்தப் பதிலைக் கையில் எடுத்துக்கொண்டவர்கள்தான், ‘சாப்பாடு ஒரு பொருட்டில்லை’ என்று ஒரு படி தாண்டிப் படித்தார்கள். நல்ல மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் குறைந்த சாப்பாட்டோடும் நோய் குணமாகும் என்பது ஒரு விஷயம். குறைந்த சாப்பாட்டால் நோயாளிக்குக் கெடுதல் இல்லை என்பது முற்றிலும் வேறு விஷயம். அடுத்து வந்த பல பத்தாண்டுகளில், திட்டம் போட்டவர்களின் பேச்சில் இந்த இரண்டும் ஒன்றாகிவிட்டன. மருந்து கொடுப்பதே பெரும்பாடாக இருந்த நாட்டில், சாப்பாடு கொடுக்க வேண்டாம் என்று ஒரு விஞ்ஞானச் சான்று கிடைத்தது பலருக்கு நிம்மதியாகவும் இருந்திருக்கும்.

எடை பார்ப்பது நிற்கவில்லை. அதன் நோக்கம் மாறியது. 1997ல் விரிவடையத் தொடங்கிய திருத்தப்பட்ட தேசியக் காசநோய்த் திட்டத்தில் ஒரு நோயாளிக்கு ஒரு மருந்துப் பெட்டி என்று ஒதுக்கி வைப்பார்கள். வாரத்துக்கு மூன்று நாள் மாத்திரை. அறுபது கிலோவுக்கு மேல் இருந்தால் ரிஃபாம்பிசின் ஒன்று கூடுதல். முப்பதுக்குக் கீழே இருந்தால் குழந்தைகளுக்கான பெட்டி. இடைப்பட்ட எல்லாருக்கும் ஒன்றே. 2017க்குப் பிறகு தினசரி மாத்திரை வந்தபோது எடை வரம்புகள் இன்னும் நுணுக்கமாயின. இத்தனை கிலோவிலிருந்து இத்தனை கிலோ வரை இரண்டு மாத்திரை, அதற்கு மேல் மூன்று, அதற்கும் மேல் நான்கு. எடை என்பது மாத்திரையை எண்ணிக் கொடுக்க உதவும் எண். பழைய சிகிச்சை அட்டையில் எடைக்குக் கட்டம் இருந்தது. உயரத்துக்குக் கட்டம் இல்லை.

உயரம் இல்லாத எடை எவ்வளவு ஊமை என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். முப்பத்தைந்து கிலோ எடையில் இரண்டு பேர். ஒருவர் 145 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண், அவருடைய பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு சேர்த்துப் பார்க்கும் எடைக் குறியீடு, 16.6. இன்னொருவர் 160 சென்டிமீட்டர் ஆண், அவருடையது 13.7. மருந்து அட்டையில் இருவருக்கும் ஒரே வரிசை, ஒரே எண்ணிக்கை மாத்திரை. ஆனால் அந்தப் பெண் மெலிந்திருக்கிறார், கவனித்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண் இன்றைக்கே மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டியவர். மாத்திரைப் பையோடு வீட்டுக்கு அனுப்பினால் அடுத்த மாதம் அவர் திரும்பி வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இருவரையும் பிரித்துக் காட்டுவது சுவரில் ஒட்டிய ஓர் அளவுநாடா.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி பெரியவர்களுக்கு பி.எம்.ஐ. 18.5க்குக் கீழே போனால் ஊட்டக்குறைவு, 17க்குக் கீழே நடுத்தரம், 16க்குக் கீழே கடுமையானது. ஆரோக்கியமாக இருப்பவர்களை மனதில் வைத்துப் போட்ட கோடுகள் இவை. நம் காசநோயாளிகள் அந்தக் கோடுகளுக்கு எங்கே நிற்கிறார்கள் என்று உரத்துச் சொன்னது சத்தீஸ்கரிலிருந்து வந்த ஒரு கணக்கு. கனியாரி என்ற ஊரில் ஜன் ஸ்வாஸ்த்ய சகயோக் என்ற மருத்துவர் குழு ஏழைகளுக்காக ஒரு மருத்துவமனை நடத்துகிறது. அங்கே வந்த 1,695 காசநோயாளிகளின் எடையையும் உயரத்தையும் அலசி, டாக்டர் அனுராக் பார்கவாவும் உடனிருந்தவர்களும் 2013ல் வெளியிட்டார்கள். ஆண்களின் இடைநிலை எடை 42.1 கிலோ, பெண்களுக்கு 34.1 கிலோ. பி.எம்.ஐ. ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 15. இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கும் கீழே. கடுமையான ஊட்டக்குறைவு என்று புத்தகம் சொல்லும் கோட்டில்தான் அந்த மருத்துவமனையின் இடைநிலை நோயாளி உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டுரையை முதலில் படித்தபோது அந்த 34.1 என்ற எண்ணைத் தாண்டி எனக்கு மேலே படிக்க முடியவில்லை. வளர்ந்த பெண்ணின் எடை அது. வயலில் நாற்று நட்டு, தண்ணீர் சுமந்து, பிள்ளை பெற்றவளின் எடை.

காசநோய் உடம்பை இளைக்க வைப்பதற்குப் பல வழி உண்டு. காய்ச்சல் எரிபொருளைக் கூட்டிக் கேட்கிறது, பசி அடங்கிப்போகிறது, கிருமியோடு போராடும்போது உடம்பு சுரக்கிற பொருள்கள் தசையைக் கரைக்கின்றன, உண்ட புரதத்தைத் தசையாக மாற்றவும் விடுவதில்லை. எதிர்ப்பக்கமும் உண்மை. ஏற்கெனவே இளைத்த உடம்பில் எதிர்ப்பாற்றல் குன்றியிருப்பதால், ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடந்த கிருமி விழித்துக்கொள்கிறது. நோயாளி முதல்முறை வந்து உட்காரும்போது, நோய் வந்து இளைத்தாரா, இளைத்ததால் நோய் வந்ததா என்று அவரைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் இரண்டும்தான்.

இன்றைய தமிழ்நாட்டுக்கு வருகிறேன். 2022 ஏப்ரலில் தொடங்கியது காசநோய் இறப்பில்லாத் திட்டம். சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து வடிவமைத்தது. அதன் அடிப்படை ஒரு கசப்பான உண்மை. காசநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். மாத்திரை வேலை செய்யவில்லை என்பதால் அல்ல. மாத்திரை வேலை செய்யும்வரை தாக்குப்பிடிக்க உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை என்பதால். அவர்களை முதல் நாளிலேயே கண்டுபிடிக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே என்று நீளும் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு கிராமத்து சுகாதார நிலையத்தில் அது நடக்காது. அதனால் பட்டியலை ஐந்தே விஷயத்துக்குச் சுருக்கினார்கள். பி.எம்.ஐ., காலில் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா. எல்லாவற்றையும் ஒரு செவிலியரோ காசநோய்ப் பணியாளரோ ஒரு தாளில் குறித்துவிடலாம்.

அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். சளி டெஸ்டில் பாசிட்டிவ் என்று தெரிந்து வந்தவரை முதலில் எடைக் கருவியில் ஏற்றுகிறார்கள். “அண்ணே, செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க. இடுப்புல போன், சாவி இருந்தா அக்காகிட்ட குடுத்துருங்க.” நாற்பது கிலோ மனிதரிடம் அரைக் கிலோ சாமான் சின்னக் கணக்கில்லை. கருவி காலியாக இருக்கும்போது சுழியத்தைக் காட்டுகிறதா என்று பார்த்தாக வேண்டும். முள் கொஞ்சம் சாய்ந்திருந்தால் அன்றைய எல்லா எண்ணும் பொய். அப்புறம் உயரம். குதிகால், பிட்டம், தோள், தலையின் பின்பக்கம் எல்லாம் சுவரில் பட நிற்க வேண்டும். மூச்சிரைக்கிறவர் அப்படி நிமிர்ந்து நிற்பதே சிரமம். கூன் விழுந்தவர், முதுகெலும்பிலேயே காசநோய் வந்தவர் என்றால் உயரம் தப்பாகத்தான் வரும். படுத்த படுக்கையாகத் தூக்கிவந்தவருக்கு உயரமும் இல்லை எடையும் இல்லை. அப்போது இடது மேற்கையின் நடுவில் நாடாவைச் சுற்றி அளப்பார்கள். தோள்பட்டை எலும்பின் நுனிக்கும் முழங்கை முனைக்கும் சரிபாதி இடம் அது. உயரம் வேண்டுமென்றால் இரண்டு கையையும் விரித்து விரல்நுனிக்கு விரல்நுனி அளந்தால் கிட்டத்தட்டக் கிடைத்துவிடும்.

பிறகு கால். கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலை வைத்துச் சில நொடி அழுத்தி எடுப்பார்கள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் அது நீர். இந்தச் சின்னச் சோதனையைத் திட்டத்தில் சேர்த்தவர்களை நான் மனதாரப் பாராட்டுவேன். ஏனென்றால் ஊட்டக்குறைவு முற்றும்போதுதான் காலில் நீர் கோக்கிறது. அந்த நீர் எடைக் கருவியில் கிலோவாக ஏறி, நோயாளி கொஞ்சம் தேறியிருக்கிற மாதிரி காட்டுகிறது. வீட்டாரும் ‘முகம் உப்பி வந்திருக்கு, உடம்பு பிடிக்குது’ என்று சந்தோஷப்படுவதுண்டு. அதனால்தான் விதி இரண்டு படியாக இருக்கிறது. பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழே என்றால் நேராக ஆபத்து வரிசை. 14க்கும் 16க்கும் இடையில் இருந்து இரண்டு காலிலும் வீக்கம் இருந்தாலும் ஆபத்து வரிசைதான். மூச்சு நிமிடத்துக்கு 24ஐத் தாண்டினாலோ, ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ, எழுந்து நிற்க ஆள் பிடிக்க வேண்டியிருந்தாலோ அப்படியே. ஆபத்து வரிசை என்றால் அரசு மருத்துவமனையில் படுக்கை, மருத்துவரின் முழுப் பரிசோதனை, உணவுச் சிகிச்சை. இப்படி நோயின் கடுமையைப் பிரித்துப் பார்த்து மாநிலம் தழுவிக் கவனித்தது இந்தியாவில் தமிழ்நாடுதான் முதலில். பல மாவட்டங்களில் தொடக்க கால இறப்பு குறைந்திருப்பதாகத் திட்டத்தின் ஆய்வுகள் சொல்கின்றன.

மருத்துவமனையில் சேர்த்ததும் வயிறு நிறையச் சோறு போட்டுவிடுவது சிகிச்சை இல்லை என்பதும் இப்போது கற்றுக்கொண்ட பாடம். இரண்டாம் உலகப் போர் முடிந்து வதைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர், கிடைத்த உணவை ஆவலாகத் தின்றதாலேயே இறந்தார்கள். பட்டினியில் சுருங்கிய உடம்புக்குத் திடீரென்று மாவுச்சத்து வந்தால், ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மெக்னீசியமும் செல்லுக்குள் இழுக்கப்பட்டு இதயம் தடுமாறும். பி.எம்.ஐ. பதினாலுக்குக் கீழே இருப்பவருக்கு இந்த அபாயம் உண்டு. அதனால் முதலில் கொஞ்சமாக, அடிக்கடி, தயமின் வைட்டமின் கொடுத்து, சில நாளில் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். ‘எங்க வீட்டுக்காரர் நல்லா சாப்பிடட்டும்’ என்று தூக்குச்சட்டி நிறையக் கொண்டுவரும் மனைவியிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஒரு செவிலியருக்கு நேரம் கிடைக்க வேண்டும்.

பி.எம்.ஐ. எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் காசநோயோடு சர்க்கரை நோயும் சேர்ந்து வருகிறவர்கள் நிறைய. 165 சென்டிமீட்டர் உயரம், 78 கிலோ எடை என்று இருந்த ஒரு கடைக்காரர், சில மாதத்தில் அறுபது கிலோவுக்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எம்.ஐ. 22. தாளில் எல்லாம் சரி. ஆனால் உடம்பில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாகப் போய்விட்டது. போனதில் தசை எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது. ‘போன வருஷம் எவ்வளவு இருந்தீங்க? இந்தச் சட்டை எப்ப தைச்சது? வேட்டி இடுப்புல நிக்குதா?’ என்று கேட்டால்தான் தெரியும். ஊட்டக்குறைவை மதிப்பிட இப்போது உலக அளவில் ஏற்கப்பட்ட முறைகளும், சமீபத்தில் எத்தனை சதவீத எடை இழந்தார் என்பதைத் தனியாகக் கேட்கச் சொல்கின்றன. கையால் இறுக்கிப் பிடிக்கும் பலத்தை அளக்கும் கருவியும் தசையின் நிலையைக் காட்டும். ரத்தத்தில் அல்புமின் பார்த்துச் சத்துக் குறைவைச் சொல்லும் பழைய வழக்கத்தை மட்டும் காசநோயில் நம்புவதற்கில்லை. தொற்றும் அழற்சியும் இருந்தாலே அல்புமின் இறங்கிவிடும். அது நோயின் கடுமையைக் காட்டலாம், தட்டில் இருந்த சோற்றைக் காட்டாது.

எடை மறுபடி கூடும்போதும் ஒரு கவனம் வேண்டும். மருந்து தொடங்கிய மாதங்களில் ஏறும் எடையில் பெரும்பகுதி கொழுப்பாக இருப்பதையும், தசை அவ்வளவு வேகமாகத் திரும்பாததையும் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆறு மாத மாத்திரை முடிந்து ‘குணமாகிவிட்டது’ என்று எழுதிக் கொடுக்கப்பட்டவர், மூட்டை தூக்கும் வேலைக்குப் போய் இரண்டாம் நாளே திரும்பி வருவது அதனால்தான். பிழைப்பு உடம்பு பலத்தில் இருக்கிற மனிதருக்கு, கிருமி இல்லை என்ற சீட்டு மட்டும் வீட்டுக்கு அரிசி வாங்கித் தராது.

இந்த மாற்றத்தில் இன்னொரு பெரிய திருப்பம் ஜார்க்கண்டில் நடந்தது. ரேஷன்ஸ் என்று பேரிட்ட ஆய்வு. அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் முன்னின்று நடத்தினார்கள். சேத்துப்பட்டு நிறுவனமும் அதில் பங்கெடுத்தது. அறுபது ஆண்டுக்கு முன் சாப்பாட்டைப் பின்வரிசைக்கு அனுப்பிய அதே நிறுவனம், அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்கும் குழுவில் நின்றது எனக்கு நெஞ்சுக்கு நிறைவான செய்தி. நான்கு மாவட்டங்கள், 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் 10,345 பேர். நோயாளிகளில் ஐவரில் நால்வர் ஊட்டக்குறைவுள்ளவர்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் கடுமையான நிலையில். ஒவ்வொரு நோயாளிக்கும் மாதம் பத்துக் கிலோ பை. அதில் அரிசி ஐந்து கிலோ, பொட்டுக்கடலை மாவு மூன்று கிலோ, பால்பவுடர் ஒன்றரைக் கிலோ, எண்ணெய் அரை லிட்டர். கூடவே வைட்டமின் மாத்திரை. பாதிக் குடும்பங்களில் வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் தலைக்கு ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு.

2023 ஆகஸ்டில் முடிவுகள் வந்தன. வீட்டாருக்கும் உணவு கொடுத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம். நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. நாற்பது கிலோ மனிதருக்கு ஐந்து சதவீதம் என்றால் இரண்டு கிலோ. எடை கூடுவது நோய் தணிவதன் அறிகுறியும்தான். எல்லாப் புகழையும் அரிசிப்பைக்குக் கொடுத்துவிட முடியாது. ஆனால் யார் தேறுகிறார், யார் தேறவில்லை என்பதை அறுபதாம் நாளிலேயே காட்டிக்கொடுக்க அந்த இரண்டு கிலோ போதும்.

வீட்டாருக்கும் சேர்த்துக் கொடுத்ததை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். நோயாளிக்கு மட்டும் கொடுக்கும் சத்துமாவை அவர் மட்டும் சாப்பிடுகிற வீடு எங்கே இருக்கிறது? பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்பா தனியாக முட்டை தின்ன மாட்டார். அம்மா நோயாளியாக இருந்தால் சொல்லவே வேண்டாம். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதுதான் அவள் பங்கு. நிக்‌ஷய் போஷன் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் 2018 ஏப்ரலிலிருந்து நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் போட்டார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ஆனது. 18.5க்குக் கீழே பி.எம்.ஐ. உள்ளவர்களுக்கு முதல் இரண்டு மாதம் சத்து மிகுந்த துணை உணவு என்றும் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் பணம் என்பது வீட்டுக்கு வந்ததும் வாடகையாகவும் பள்ளிக்கூடச் செலவாகவும் போய்விடக்கூடியது. உணவாகவே, குடும்பத்துக்கே கொடுப்பதைத் தமிழ்நாடு யோசிக்க வேண்டும். ஊர் ஊராக அரிசியைக் கொண்டுசேர்க்கும் நியாயவிலைக் கடை அமைப்பு இவ்வளவு வலுவாக இருக்கிற மாநிலம் வேறு எத்தனை இருக்கிறது?

இப்போது என் குறை ஒன்று. முதல் நாள் எடை பார்ப்பதில் இருக்கும் அக்கறை இரண்டாம் மாதத்தில் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. முதல் நாள் எடை படுக்கையை முடிவு செய்கிறது, மாத்திரையை முடிவு செய்கிறது. அதனால் அதை விட மாட்டார்கள். இரண்டாம் மாதம் நோயாளி நடமாடத் தொடங்கியிருப்பார். காய்ச்சல் நின்றிருக்கும், சளி சுத்தம். ‘நல்லாத்தானே இருக்கீங்க’ என்று மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அன்றைக்கு எடை ஏறவில்லை என்றால் ஏதோ ஒன்று சரியில்லை. சர்க்கரை கட்டுக்குள் வரவில்லை, மருந்துக்கு மசியாத கிருமியாக இருக்கலாம், குடி விடவில்லை, அல்லது வெறுமனே வீட்டில் அரிசி இல்லை. நான்குக்கும் நான்கு விதமான உதவி வேண்டும். எடை மாறினால் மாத்திரை வரம்பும் மாறலாம். முதல் நாளும் அறுபதாம் நாளும் பக்கத்துப் பக்கத்தில் தெரிகிற மாதிரி அந்தத் தாள் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்த அடியும் தொடங்கிவிட்டது. 2024 டிசம்பரில் நாடு முழுக்கத் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தொடங்கிய நூறு நாள் காசநோய் முகாமில், இருமல் இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டியவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். சர்க்கரை நோயாளிகள், முதியவர்கள், புகைபிடிப்பவர்கள், நோயாளியின் வீட்டார், அவர்களோடு பி.எம்.ஐ. 18.5க்குக் கீழே இருப்பவர்களும். பி.எம்.ஐ. ஒரு புள்ளி கூடினால் காசநோய் வரும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010ல் கணக்கிட்டிருந்தார்கள். அந்தக் கணக்கு முகாம் நடத்தும் ஊர்த் திடலுக்கு வந்துசேர இத்தனை காலம் ஆகியிருக்கிறது. நோயாளிக்குத் துணையாக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனைவியையும் தாயையும் அன்றைக்கே அதே கருவியில் ஏற்றி, அதே நாடாவில் அளந்து, அதே தாளில் இன்னும் இரண்டு வரி எழுத ஐந்து நிமிடம் போதும்.